ஈப்போவின் ‘சின்னவீட்டுத் தெரு’: தீபாவளிக் கடைவீதிக்குப் பக்கத்திலேயே நாம் நுழையாத ஒரு சந்து

ஈப்போ: தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜாலான் லஹாட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா, தஞ்சோங் ரம்புத்தான் என்று நாலா பக்கமிருந்தும் நம் மக்கள் வந்து குவிவார்கள். சேலை, வேட்டி, பூமாலை, முறுக்கு உழக்கு, பலகாரச் சாமான் எல்லாம் வாங்கி முடித்து, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, அப்படியே காடி ஏறி வீடு திரும்பிவிடுவோம்.

அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு சந்து இருக்கிறது. வார இறுதியில் கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். லோரோங் பங்லிமா என்பது அதன் அரசாங்கப் பெயர். எல்லாரும் சொல்லும் பெயர் ‘கான்குபைன் லேன்’. நம் பேச்சில் சொன்னால் ‘சின்னவீட்டுத் தெரு’.

அண்மையில் என் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். பாட்டிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஈப்போவுக்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளாக வந்து போகிறார். ஆனாலும் அந்தச் சந்துக்குள் அவர் போனதே இல்லை. “அது நல்ல பொம்பளைங்க போற இடமில்லன்னு அப்பல்லாம் சொல்லுவாங்கய்யா,” என்றார்.

அப்படி என்னதான் அங்கே இருந்தது? இப்போது என்ன இருக்கிறது? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பெயர் வந்த கதை

பழைய பட்டணத்தில் ஜாலான் பண்டார் திமாவிலிருந்து உள்ளே பிரியும் குறுகலான சந்து இது. இரு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். கந்தோனீசில் இதை ‘யீ லாய் ஹோங்’ என்கிறார்கள். இரண்டாம் மனைவியின் சந்து என்று பொருள். மலாய்ப் பெயரில் உள்ள ‘பங்லிமா’ என்பதற்குத் தளபதி என்று பொருள். ‘பங்லிமா கிந்தா’ என்பது கிந்தா வட்டாரத்து மலாய்ப் பிரமுகருக்குரிய பட்டம்.

சின்னவீட்டுப் பெயருக்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். ஈயத்தில் பணம் பார்த்த யாவ் தெட் ஷின் என்ற தவுக்கே, தம் மூன்று மனைவியருக்கும் ஆளுக்கொரு சந்தைக் கொடுத்தாராம். மூத்தவருக்கு லோரோங் ஹேல், இரண்டாமவருக்கு லோரோங் பங்லிமா, மூன்றாமவருக்குச் சந்தைத் தெருவுச் சந்து. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புதிய பட்டணத்தை உருவாக்கிய பெரும்புள்ளி அவர். அதனால் இந்தக் கதையை மக்கள் எளிதாக நம்பிவிட்டார்கள்.

மற்றொரு கதையில் இத்தனை அலங்காரம் கிடையாது. பணக்காரச் சீனர்களும் வெள்ளைக்காரர்களும் தங்கள் ஆசைநாயகிகளைக் குடிவைத்த சந்து இது என்கிறது அது. சூதாட்டமும் அபினியும் இங்கே சேர்ந்தே நடந்தன என்பார்கள்.

எந்தக் கதையைக் கேட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம். தவுக்கேயின் பெயர் வருகிறது, மனைவியரின் பெயர் வருவதில்லை. சந்தையே எழுதி வாங்கியதாகச் சொல்லப்படும் பெண்கள்கூட ‘மூத்தவள்’, ‘இரண்டாமவள்’ என்ற எண்ணிக்கையாகத்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

ஈயம் கட்டிய பட்டணம்

ஈப்போவுக்கு அந்தப் பெயர் வந்தது ஈப்போ மரத்தால். அதன் நச்சுப் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடினார்கள். ஊரை வளர்த்தது ஈயம். 1900-ஆம் ஆண்டை ஒட்டி உலக ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பங்கு கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது. பழைய பட்டணத்துச் சாலைப் பெயர்களே அதற்குச் சாட்சி. பண்டார் திமா என்றால் ஈய நகரம். அதற்கு அடுத்த சாலை பிஜே திமா, அதாவது ஈயத் தாது.

1892-இல் பெரிய தீ ஒன்று பழைய பட்டணத்தின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகுதான் ஊரை ஒழுங்கான தெருக்களாக, செங்கல் கட்டடங்களாகத் திருப்பிக் கட்டினார்கள். நாம் இன்று பார்க்கும் கடைவீடுகள் அந்த வழியில் வந்தவை. கீழே கடை, மேலே குடும்பம், நடுவில் வெயிலும் மழையும் இறங்கும் முற்றம். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த முற்றம் புதிதாக இராது. பெரிய சாலைகளில் கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடும். அதை நம் பெரியவர்கள் ‘அஞ்சடி’ என்பார்கள். 1822-இல் சிங்கப்பூரைத் திட்டமிட்டபோது ராஃபிள்ஸ் விதித்த விதியிலிருந்து மலாயா முழுதும் பரவிய அமைப்பு அது. ஐந்தடி அகலம் இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

பட்டணம் வளர வளர நம்மவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து, சீன ஈயலம்பக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். தண்டவாளம் போட்டதிலும், சாலை அமைத்ததிலும், கால்வாய் வெட்டியதிலும் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. ‘ஈப்போவின் தாஜ் மஹால்’ என்று படம் எடுத்துப் போடுகிறோமே அந்த ரயில் நிலையம், அது 1917-இல் முடிந்தது. வடிவமைத்த ஏ.பி. ஹப்பாக்கின் பெயர் எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரைக் காணோம்.

அங்கே அபினி, இங்கே கள்

சந்தின் பழைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, சற்று தள்ளி ஜாலான் பிஜே திமாவில் உள்ள ‘ஹான் சின் பெட் சூ’ கட்டடத்தைப் பார்ப்பது நல்லது. லியோங் ஃபீ என்ற தவுக்கே 1893-இல் தொடங்கிய ஹக்கா ஈயலம்பக்காரர்களின் மன்றம் அது. இப்போதுள்ள கட்டடம் 1929-இல் எழுந்தது. 2015 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. சூது, அபினி, விலைமாதர் என்று அந்தக் காலத்து வாழ்க்கையை அங்கே மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள்.

ஈயலம்பத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். கடன் வாங்கிக் கப்பலேறியவர்கள். அரிசியும் எண்ணெயும் அபினியும் முதலாளியிடமே வாங்க வேண்டிய நிலை பல லம்பங்களில் இருந்தது. சந்தையை விடக் கூடுதல் விலை. கூலி ஒரு கையில் வந்து மறு கையில் முதலாளியிடமே திரும்பியது. அபினிமீதும் சூதின்மீதும் குத்தகை விட்டு வெள்ளைக்கார அரசாங்கமும் வருமானம் பார்த்தது.

இதைக் கேட்டதும் பாட்டி தலையாட்டினார். அவருக்கு இது தெரியாத கதை அன்று. தோட்டத்தில் அபினிக்குப் பதில் கள். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் பெண்கள் காத்திருந்ததைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையும் உரிமம் பெற்று நடந்ததுதான். இரண்டு இடத்திலும் அன்றைய களைப்பைத்தான் விற்பனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சீனர் என்றாலே தவுக்கே என்று நினைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தமிழர் என்றாலே தோட்டத் தொழிலாளி என்று மற்றவர்கள் நினைப்பது நமக்குப் பிடிப்பதில்லை. இந்தச் சந்தில் நடந்தால் இரண்டு எண்ணமும் கொஞ்சம் அசையும்.

சின்னவீடும் சட்டமும்

‘சின்னவீடு’ என்றால் நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தக் காலத்தில் அது சொத்துரிமைப் பிரச்சினை. சீன வழக்கப்படி ஒருவர் பல மனைவியரை வைத்துக்கொள்ளலாம். 1908-இல் சிங்கப்பூரில் நடந்த ‘ஆறு விதவைகள் வழக்கு’ புகழ்பெற்றது. இறந்துபோன ஒரு செல்வரின் சொத்தில் பங்கு கேட்டு ஆறு பெண்கள் வந்தார்கள். இரண்டாந்தர மனைவியரையும் சட்டப்படியான மனைவியராக ஏற்கலாம் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது.

மலேசியாவில் இந்த நிலை மாறியது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தால். 1982 மார்ச் 1-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதன்பின் கட்டாயமாயின.

இது நமக்கும் சேர்ந்த சட்டம். கோவிலில் தாலி கட்டினால் போதும் என்று பதிவை விட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஊர் பார்க்கக் கட்டிய தாலியாக இருந்தாலும், பதிவு இல்லையென்றால் கணவர் இறந்த பிறகோ பிரிந்த பிறகோ அந்தப் பெண் தன் உரிமையை நிலைநாட்டப் படாதபாடு பட வேண்டியிருக்கும். இந்தச் சந்தின் பெயரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண்களின் பதிவுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஈயம் விழுந்தது, தெரு பிழைத்தது

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்தது. அதுவரை விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மன்றம்தான். ஈய விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கிந்தாவில் ஈயலம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1988-இல் ஈப்போ மாநகர் தகுதி பெற்றது. ஆனாலும் மாலையானால் பழைய பட்டணம் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது.

அப்படியானால் இந்தக் கடைவீடுகளை ஏன் இடிக்கவில்லை? இதற்கு முக்கியமான ஒரு காரணம் வாடகைச் சட்டம். 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது. வாடகை ஏறாததால் உரிமையாளருக்குப் பழுது பார்க்கவும் மனமில்லை, இடித்துக் கட்டவும் வழியில்லை. கட்டடங்கள் பாழடைந்தன, ஆனால் நின்றன. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததிலிருந்து கட்டுப்பாடு இல்லை. வாடகை ஏறியதும் பழைய குடித்தனங்கள் பல வெளியேறின. கொல்லனும் தையற்காரரும் இருந்த இடங்களுக்குச் சிற்றுண்டிக் கடைகள் வந்தன.

2010-இல் கோலாலம்பூர் – ஈப்போ மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2014-இல் ஓவியர் எர்னெஸ்ட் ஸாக்கரேவிச் பழைய பட்டணத்துச் சுவர்களில் ஓவியம் தீட்டினார். 2016-இல் லோன்லி பிளானெட் நிறுவனம் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஈப்போவைச் சேர்த்தது. அதன்பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்!

இன்று சந்துக்குள் போனால் தலைக்கு மேலே வண்ணக் குடைகளும் சீன விளக்குகளும் தொங்குகின்றன. பழைய விளையாட்டுச் சாமான், மிட்டாய், ஐஸ் உருண்டை, சாவிக்கொத்து என்று வியாபாரம் நடக்கிறது. எல்லாம் பழமை என்று சொல்ல முடியாது. பல பொருள்கள் எந்த ஊர்ச் சுற்றுலாத் தெருவிலும் கிடைப்பவைதாம். ஆனால் கண்ணைக் கடைக்கு மேலே உயர்த்தினால் பழைய ஓட்டுக் கூரையும், மரச் சன்னலும், காரை உதிர்ந்த சுவரும் தெரியும். பார்க்க வேண்டியவை அவைதாம்.

லயம் ஏன் மிஞ்சவில்லை?

பாட்டி சந்தின் பாதியில் ஓர் ஒட்டுக்கடை நாற்காலியில் உட்கார்ந்து, “நாங்க இருந்த லயத்த இப்படி யாரும் வெச்சிருக்கலயே,” என்றார். அவர் வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அவர் கேட்டதற்கு அங்கேயே எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது சில காரணங்கள் புரிந்தன.

முதலாவது, கிராண்ட். கடைவீட்டுக்கு நிலப்பட்டா இருந்தது. தவுக்கே செத்தாலும் பிள்ளைக்குப் போகும். லய வீடு கம்பெனியின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்திருந்தாலும், தோட்டம் கைமாறிய நாளில் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளியேற வேண்டிய ஆட்கள்தாம்.

இரண்டாவது, கட்டுமானம். கடைவீடு செங்கல்லும் சுண்ணாம்பும். பழைய லயங்கள் பலவும் பலகையும் தகரமும். பத்து மழைக்காலம் கவனிக்காவிட்டால் காடு தின்றுவிடும்.

மூன்றாவது, சட்டத்தின் காவல். நகரத்துக் குடித்தனத்துக்கு வாடகைச் சட்டம் முப்பது ஆண்டு காவல் நின்றது. தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கும் சட்டங்கள் இருந்தன. ஆனால் அவை வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று சொன்னவை. அந்த வீடு அவனுடையது என்று அவை சொல்லவில்லை.

1960-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, இதை முன்கூட்டியே உணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார். கிராண்ட் கையில் இல்லாதவனுக்கு ஊர் இல்லை என்பதை அவர் அன்றே சொல்லிவிட்டார். அவர் பெயரிலுள்ள ஜாலான் துன் சம்பந்தன், இந்தப் பழைய பட்டணத்தில்தான் இருக்கிறது. சந்துக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையிலும் ஒரு நடை நடக்கலாம்.

பேராக்கில் தோட்டத்து நினைவாக மிஞ்சிய கட்டடமே இல்லையா என்றால், இருக்கிறது. பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் முடியாமல் போனது. கட்டிய தொழிலாளர்களில் தென்னிந்தியர் பலர். கொள்ளைநோய் வந்து ஆட்கள் செத்து விழுந்தபோது, தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோவில் இன்றும் இருக்கிறது. நன்றிக்கு அடையாளமாகக் கோவில் மேல் அவருடைய உருவமும் நிற்கிறது. முதலாளியின் மாளிகையை நாம் கட்டணம் கட்டிப் பார்க்கிறோம். தொழிலாளியின் வீட்டைப் பார்க்க வழியில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. வார இறுதியில் பதினொரு மணிக்கு மேல் சந்துக்குள் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். வார நாளில் கூட்டம் குறைவு, ஆனால் சில கடைகள் மூடியிருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் வந்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். வழியில் மாநகர் மண்டபமும் 1909-இல் கட்டிய பர்ச் மணிக்கூண்டும் இருக்கின்றன. பேராக்கின் முதல் ரெசிடெண்டாக இருந்து 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச்சின் நினைவாக எழுப்பியது அது.

பசியாற நினைப்பவர்களுக்கு ஜாலான் பண்டார் திமாவில் பழைய கோப்பிக்கடைகள் இருக்கின்றன. ‘வெள்ளைக் கோப்பி’ பிறந்த இடம் இது. சின் யூன் லோங் 1937-இலும் நாம் ஹியோங் 1958-இலும் தொடங்கியவை. கொட்டையைச் சீனி சேர்க்காமல் மார்ஜரினில் வறுப்பதால் நிறம் குறைந்து வரும், அதனால்தான் அந்தப் பெயர். கோப்பியோடு மற்றப் பலகாரம் சாப்பிடுகிறவர்கள், தாங்கள் தவிர்க்கும் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஹான் சின் பெட் சூ அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வயதானவர்களை அழைத்துப் போனால் உட்கார இடம் குறைவு என்பதை மனத்தில் வையுங்கள். மாடியில் இன்னும் குடியிருப்பவர்கள் இருக்கக்கூடும். சன்னலையும் கதவையும் படம் எடுக்கும்போது மரியாதை வேண்டும்.

நம்மிடம் மிஞ்சியது

திரும்பும் வழியில் பாட்டி, தாம் இருந்த தோட்டத்தின் டிவிஷன், லயத்தின் எண், பக்கத்து வீட்டுக்காரர்கள், கோவில் மரம், தண்ணீர்ப் பைப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. சில பெயர்கள் இப்போது அவருக்கே மறந்துவிட்டன.

சின்னவீட்டுத் தெரு பிழைத்ததற்குச் செங்கல்லும் கிராண்டும் மட்டும் காரணம் அல்ல. யாரோ அதன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாதி உண்மை, பாதி கட்டுக்கதை என்றாலும் சொன்னார்கள். கட்டடம் இல்லாத நமக்குக் கதைதான் கட்டடம்.

ஒன்று மட்டும் நம்மிடம் இன்னும் நிற்கிறது. தோட்டம் அழிந்து, ஆட்கள் நகர்ந்து, பள்ளியே வேறிடத்துக்கு மாறிய பிறகும், பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும்போது அந்தப் பலகையைக் காட்டி, இது எந்த ஊர், நம்மில் யார் அங்கே வேலை செய்தார்கள் என்று சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.